துக்கம் கேட்க ஓர் ஆள்

2021 மே மாதம். இங்கிலாந்தில் நான் வேலை பார்க்கும் மருத்துவமனையில் நைட் டூட்டி. அதிகாலை மூன்று பத்து இருக்கும். மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு அடுத்த அறைக்குள் திரும்பும்போது சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. தம்பி. ஊரில் அப்போது காலை ஏழு நாற்பது. அந்த நேரத்தில் அவன் கூப்பிடவே மாட்டான். எடுப்பதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது.

அப்பா பாளையங்கோட்டையில் ஓர் ஆஸ்பத்திரியில் பதினோரு நாளாகக் கொரோனாவோடு போராடிக்கொண்டிருந்தார். நான் போகவும் வழியில்லை. ஏப்ரல் 23-ஆம் தேதியிலிருந்து இந்தியா பிரிட்டனின் சிவப்புப் பட்டியலில் இருந்தது. போய்விட்டுத் திரும்பினால் பத்து நாள் ஹோட்டலில் அடைந்து கிடக்க வேண்டும், அதற்கு ஆளுக்கு 1750 பவுண்டு. காசை விடுங்கள், எப்படிக் கிளம்பினாலும் முகம் பார்க்கக் கிடைக்காது. உடலை வீட்டுக்குத் தர மாட்டார்களாம், மதியம் பன்னிரண்டரைக்கு நேரே மின்மயானமாம். தம்பி அழாமல் சொன்னான். அவன் அழாததுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அன்று இரவுப் பொறுப்பில் இருந்த மேலாளர் உடனே வார்டுக்கு வந்தார். வருத்தம் சொன்னார், உண்மையாகவே வருந்தினார். அப்புறம், காலை ஷிஃப்ட் ஆட்களிடம் பொறுப்பை ஒப்படைக்கிற ஹேண்டோவர் வரைக்கும் சமாளித்துவிட முடியுமா என்று கேட்டார். இருபத்தாறு நோயாளிகள், என்னோடு சேர்த்து மூன்று நர்ஸ். அவருக்கும் வேறு வழியில்லை. ஊழியர்களுக்கான ஆலோசனை எண் அச்சிட்ட ஒரு அட்டையைக் கையில் கொடுத்துவிட்டு அடுத்த வார்டுக்கு ஓடினார். அந்த எண்ணுக்கு அடித்தேன். பதிவு செய்த ஒரு குரல் என் ஊழியர் எண்ணைக் கேட்டது. வைத்துவிட்டேன்.

மருத்துவமனையின் தொலைபேசி இணைப்பகமான ஸ்விட்ச்போர்டைக் கூப்பிட்டு, டூட்டியில் இருக்கும் சாப்ளனை வரச் சொன்னது என்னோடு வேலை பார்த்த பிலிப்பைன்ஸ் அக்கா. என்னிடம் கேட்கக்கூட இல்லை. கேட்டிருந்தால் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன்.

சாப்ளன் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. ஆலயத்திலோ கோயிலிலோ இல்லாமல் மருத்துவமனை, ராணுவம், சிறை, கல்லூரி, துறைமுகம் மாதிரி இடங்களில் இருந்துகொண்டு, அங்கே உள்ளவர்களுக்கு ஆன்மிகத் துணையாக இருப்பவர். பிரிட்டனின் அரசு மருத்துவ சேவையான என்ஹெச்எஸ் 1948-இல் தொடங்கியபோதிருந்தே மருத்துவமனைகளில் இவர்கள் இருக்கிறார்கள். வெகுகாலம் பெரும்பாலும் பாதிரியார்கள்தான். இன்று பல மருத்துவமனைகளில் இமாம், ரப்பி, இந்து, சீக்கியர் என்று குழுவாக இருக்கிறார்கள். நோயாளிகளுக்காக மட்டும் இல்லை, வேலை பார்ப்பவர்களுக்காகவும்தான். நான் அதுவரை ஏழு வருடம் அந்த மருத்துவமனையில் இருந்தும் இது எனக்குத் தெரியாது. நடைபாதையில் பார்த்தால் சிரிப்பேன், அவ்வளவுதான். உள்ளுக்குள் ஒரு சந்தேகம் இருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை. நாம் உடைந்து கிடக்கிற நேரம் பார்த்து மதம் மாற்ற வருகிறவர்களோ என்ற சந்தேகம்.

நான்கு மணிக்கு முன்னால் அவர் வந்தார். அறுபது வயதிருக்கும், ஆங்கிலிக்கன் பெண் பாதிரியார். இரண்டு கையிலும் இரண்டு டீ. ஸ்டாஃப் ரூமில் எனக்கு எதிரே உட்காராமல் பக்கத்தில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "உங்கள் அப்பாவின் பெயர் என்ன?" என்று கேட்டார். சொன்னேன். அவர் வாயில் வரவில்லை. மறுபடியும் கேட்டார். மூன்றாவது தடவை சரியாகச் சொன்னார். சின்ன நோட்டு ஒன்றை எடுத்து அதில் எழுதிக்கொண்டார்.

அடுத்துக் கேட்டது இது: "இப்போது ஊரில் இருந்திருந்தால் என்ன செய்துகொண்டிருப்பீர்கள்?"

அதுவரை அடைத்துக் கிடந்ததெல்லாம் அந்தக் கேள்வியில் திறந்துகொண்டது. வாசலில் பெஞ்சு போட்டிருப்பார்கள் என்றேன். தெருவில் ஒரு வீட்டிலும் அடுப்பு பற்ற வைத்திருக்க மாட்டார்கள். பக்கத்து வீட்டிலிருந்து காபி வரும். அத்தை வாசலிலேயே அழ ஆரம்பித்து உள்ளே வருவாள். அம்மாவைச் சுற்றி நாலு பேர் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். கொரோனா காலத்தில் அங்கேயும் இதெல்லாம் நடக்காது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் சொல்லிக்கொண்டே போனேன். வாய்க்கரிசி போடுவதைப் பற்றிச் சொன்னேன். அது எனக்குக் கிடைக்காது என்று சொன்னபோதுதான் முதல்முறையாக அழுகை வந்தது.

எங்கள் நெல்லைப் பக்கத்தில் துட்டி கேட்பது என்போம். மற்ற ஊர்களில் துக்கம் கேட்பது, துக்கம் விசாரிப்பது. அந்தச் சொல்லைக் கவனியுங்கள். துக்கத்தைக் கேட்பது. துக்க வீட்டுக்குப் போகிறவர் புத்தி சொல்லப் போவதில்லை. "எப்படி ஆச்சு?" என்பார், அவ்வளவுதான். வீட்டுக்காரர்கள் ஆதியிலிருந்து கதையைச் சொல்வார்கள். அடுத்தவர் வருவார், மறுபடியும் ஆதியிலிருந்து. முப்பது தடவை சொல்லிச் சொல்லித்தான் நடந்தது நடந்துவிட்டது என்று மனம் நம்பத் தொடங்கும். அந்தப் பாதிரியார் எனக்குச் செய்தது அதுதான். ஏசுவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. உங்களுக்காக ஜெபிக்கட்டுமா என்றுகூடக் கேட்கவில்லை. வேலை பார்க்கும் இடத்துக்கு வந்து என்னிடம் துட்டி கேட்டார்.

போவதற்கு முன்னால், எங்கள் இந்து சாப்ளனைக் கூப்பிடட்டுமா என்று கேட்டார். வாரத்தில் இரண்டு நாள் மட்டும் வருகிற குஜராத்திக்காரர், அன்று அவருக்கு வேலை நாள் இல்லை. ஏழரை மணிக்கு வந்து நின்றார். கையில் ஒரு பிளாஸ்டிக் டப்பா. அதில் வீட்டுச் செடியிலிருந்து பறித்த துளசி, மூடி வைத்த குட்டிச் செம்பில் கங்கை நீர், ஒரு பிடி அரிசி. "உங்கள் பக்கத்து முறை எனக்குத் தெரியாது. நீங்கள் செய்யுங்கள், நான் கூட இருக்கிறேன்" என்றார். அரிசி விஷயத்தை அந்தப் பாதிரியார் அம்மாதான் போனில் சொல்லியிருக்கிறார்.

ஊரில் பன்னிரண்டரை என்றால் இங்கே சரியாகக் காலை எட்டு. ஹேண்டோவர் முடித்துவிட்டுச் சர்வமதப் பிரார்த்தனை அறைக்குப் போனேன். மருத்துவமனைக்குள் தீ ஏற்றக் கூடாது என்பதால் பேட்டரியில் எரியும் விளக்கு ஒன்றை மேசையில் வைத்திருந்தார்கள். தம்பி வாட்ஸ்அப்பில் காட்டினான். பாதுகாப்பு உடை போட்ட இரண்டு பேர், வெள்ளைப் பொதி, இரும்புக் கதவு. போன் திரைக்கு முன்னால் ஒரு கிண்ணத்தில் மூன்று தடவை அரிசி போட்டேன். அப்பா தினமும் காலையில் சொல்லும் பதிகத்தைச் சொன்னேன். பாதியில் மறந்துவிட்டது. முதலிலிருந்து மறுபடி சொன்னேன். நைட் டூட்டி முடிந்த பாதிரியார் வீட்டுக்குப் போகாமல் கதவோரம் நின்றுகொண்டிருந்தார். குஜராத்திக்காரர் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். இரண்டு பேருக்கும் ஒரு சொல் புரிந்திருக்காது.

இதை மூன்று நான்கு வருடமாக எழுத நினைத்துத் தள்ளிப் போட்டேன். இப்போது எழுதக் காரணம், சென்ற வாரம் ஊர் நண்பர் ஒருவரோடு நடந்த பேச்சு. சென்னையில் ஒரு கம்பெனியில் மனிதவளத் துறையில் இருக்கிறார். இப்படி ஓர் ஏற்பாடு உங்கள் இடத்திலும் வேண்டும் என்றேன். "ஆபீசுக்குள் மதத்தைக் கொண்டுவந்தால் சண்டைதான் வரும்" என்றார். அந்தப் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. நம் நாட்டில் இன்று அது நியாயமான பயம். ஆனால் மதம் ஏற்கெனவே உள்ளேதான் இருக்கிறது. ஆயுத பூஜைக்கு மெஷினுக்குப் பொட்டு வைக்காத பட்டறை எது? நோன்பு பிடித்துக்கொண்டு ஷிஃப்ட் பார்க்கிறவர்கள் இல்லையா? கிறிஸ்துமஸுக்கு லீவு கிடைக்குமா என்று நவம்பரிலேயே கேட்கிறவர்கள் இல்லையா? ஆட்கள் தங்கள் சாமியை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வருவதில்லை. துக்கம் வரும்போது கைவைக்க இடம் தேடுவதும் அங்கேதான்.

இது வெள்ளைக்காரன் சமாச்சாரம் என்று தோன்றலாம். இந்திய ராணுவத்தைப் பாருங்கள். அங்கே மத போதகர் என்று ஒரு பதவியே இருக்கிறது. பண்டிட், கிரந்தி, மௌலவி, பாதிரியார், பௌத்த பிக்கு. நாயிப் சுபேதார் என்ற இளநிலை அதிகாரிப் பதவியில் சேர்கிறார்கள். பூஜை, தொழுகை நடத்துவதோடு அவர்கள் வேலை முடிவதில்லை. இறுதிச் சடங்குக்கு நிற்பது, ஆஸ்பத்திரியில் கிடக்கும் ஜவானைப் போய்ப் பார்ப்பது, தண்டனையில் இருக்கும் சிப்பாயைச் சந்திப்பது எல்லாம் அவர்கள் கடமைப் பட்டியலிலேயே இருக்கிறது. என் மாமா மெட்ராஸ் ரெஜிமெண்டில் இருந்தவர். நீலகிரியில் இருக்கும் வெலிங்டனில் பயிற்சி எடுத்தவர். சர்வ தர்ம ஸ்தலம் என்று எல்லா மதத்துக்கும் ஒரே கூரையின் கீழ் இடம் வைத்திருப்பதைப் பற்றிச் சிறு வயதில் எங்களுக்குச் சொல்லியிருக்கிறார். உயிரைப் பணயம் வைக்கிற வேலையில் இது தேவை என்று நம் அரசே ஒப்புக்கொண்ட விஷயம்தான்.

சாப்ளன் என்ற சொல் எங்கிருந்து வந்தது என்று பிறகு படித்தேன். நான்காம் நூற்றாண்டில் மார்ட்டின் என்ற ரோமானியப் படைவீரர், குளிரில் நடுங்கிய பிச்சைக்காரனுக்குத் தன் மேலங்கியை இரண்டாகக் கிழித்துப் பாதியைக் கொடுத்தாராம். அந்த அங்கியைப் பிற்காலத்தில் புனிதப் பொருளாகப் பாதுகாத்தவர்களுக்கு வந்த பெயர்தான் இது. மயிலுக்குப் போர்வை கொடுத்த பேகனைப் பாடப்புத்தகத்தில் படித்த நமக்கு இந்தக் கதை அந்நியமாக இருக்காது. வாங்கியவன் என்ன மதம் என்று மார்ட்டினும் கேட்கவில்லை.

ஆனால் பல மதம் என்பது பெயரளவுக்கு இருந்தால் போதாது. ஒரே மதத்து ஆள் ஒருவரை உட்கார வைத்துவிட்டு எல்லாரும் வரலாம் என்று போர்டு மாட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. கொரோனாவின் முதல் வாரங்களில் பிரிட்டனில் உயிரிழந்த முதல் பத்து டாக்டர்களும் சிறுபான்மை இனங்களைச் சேர்ந்தவர்கள். வேலை பார்க்கிறவர்கள் யார் யாரோ, ஆறுதலும் அவர்களுக்கு ஏற்ற மாதிரி இருக்க வேண்டாமா? இறந்த அன்றே அடக்கம் செய்யத் துடிக்கிற முஸ்லிம் குடும்பத்துக்கு, வார இறுதியில் சான்றிதழ் கிடைக்க யாரைப் பிடிக்க வேண்டும் என்று இமாமுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. பிரிட்டிஷ் ராணுவமே 2005-இல்தான் இந்து, முஸ்லிம், சீக்கிய, பௌத்த சாப்ளன்களை முதன்முதலாக நியமித்தது. 2018-இல் பக்கிங்காம்ஷயர் மருத்துவமனைகளின் சாப்ளன் குழுவுக்கு மதநம்பிக்கை இல்லாத மனிதநேயர் ஒருவர் தலைவராக வந்தார். அது சரி என்றுதான் எனக்குப் படுகிறது. சாமி கும்பிடாதவருக்கும் அம்மா சாவார்.

இந்தச் செலவு எதற்கு, மதத்துக்கு ஏன் வரிப்பணம் என்று கேட்கிறவர்கள் இங்கேயும் இருக்கிறார்கள். கேட்கட்டும். ஆனால் இது கோயிலுக்குக் கொடுக்கிற நன்கொடை இல்லை, ஒரு வேலைக்கான சம்பளம். அந்த வேலைக்கு எழுதி வைத்த நடத்தை விதி இருக்கிறது. தன் நம்பிக்கையை அடுத்தவர்மேல் திணிக்கக் கூடாது. சொன்னது வெளியே போகக் கூடாது, உயிருக்கு ஆபத்து என்றால் ஒழிய. எனக்கு இந்த இரண்டாவதுதான் பெரிதாகப் படுகிறது. மேலாளரிடம் அழுதால் அடுத்த வருட மதிப்பீட்டில் அது எங்காவது எட்டிப் பார்க்குமோ என்ற பயம் யாருக்கும் இருக்கும். ஆலோசகரிடம் போனால் அதற்கு நேரம் குறிக்க வேண்டும், நோய்க்கு ஒரு பெயர் வேண்டும். அப்பா செத்துப்போனது நோய் இல்லையே.

அமெரிக்காவில் டைசன் என்ற பெரிய கோழி இறைச்சிக் கம்பெனி 2000-ஆம் ஆண்டிலிருந்து தன் ஆலைகளில் சாப்ளன்களை வைத்திருக்கிறது. அந்த ஆலை வேலை எவ்வளவு கடினமானது என்பதும் ஊரறிந்தது. இடுப்பு ஒடிய வேலை வாங்கிவிட்டு ஆறுதலுக்கு ஓர் ஆளை வைத்தால் அது முதலாளியின் மனசாட்சிக்குத்தான் ஆறுதல். அதனால் சாப்ளன் இருப்பது சம்பளத்துக்கும் லீவுக்கும் பதில் என்று யாராவது சொன்னால் நான் எதிர்ப்பக்கம்தான் நிற்பேன். எனக்கு அன்று மூன்று மணிக்கே வீட்டுக்குப் போகும்படி இன்னொரு நர்ஸ் இருந்திருக்க வேண்டும். அதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அப்பா அரசு பஸ்ஸில் கண்டக்டர். டிப்போவில் யார் வீட்டில் சாவு விழுந்தாலும் டூட்டி முடிந்த காக்கிச் சட்டையோடு மொத்தப் பேரும் போய் நிற்பார்கள். ஒரு கவரில் பணம் சேர்த்துக் கொடுப்பார்கள். அங்கே சாப்ளன் தேவைப்படவில்லை, டிப்போவே அந்த வேலையைச் செய்தது. இன்று ஸ்ரீபெரும்புதூரில் ஹாஸ்டலில் தங்கி போன் பாகம் பூட்டுகிற பெண்ணுக்கு யார் இருக்கிறார்கள்? திருப்பூரில் பனியன் தைக்கிற ஒடிசாப் பையனுக்கு அம்மா செத்துப்போன சேதி வந்தால், ரயில் போய்ச் சேர எவ்வளவு நேரமாகும்? அன்று ராத்திரி அவனிடம் அவன் மொழியில் "எப்படி ஆச்சு?" என்று கேட்க அந்த ஆலைக்குள் ஓர் ஆள் உண்டா? என் நண்பரிடம் நான் கேட்டது இதைத்தான். கம்பெனிகள் பெரிய துறை ஒன்றும் திறக்க வேண்டாம். பக்கத்துப் பள்ளிவாசல், கோயில், சர்ச், ஒடியா, இந்தி தெரிந்த ஒருவர் என்று நாலைந்து பேரைத் தேர்ந்தெடுத்து, பயிற்சி கொடுத்து, விதியை எழுதிக் கையெழுத்து வாங்கி, அழைத்தால் வருகிற மாதிரி வைக்கட்டும். மனிதவளத் துறைக்குக் கீழே மட்டும் வைக்க வேண்டாம். யோசிக்கிறேன் என்றிருக்கிறார். விடமாட்டேன், திரும்பக் கேட்பேன்.

இங்கே பிரிட்டனில் மருத்துவமனைகளில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் நிறையப் பேர் இதைப் படிப்பீர்கள். புதிதாக வந்தவர்கள், தனியாக இருப்பவர்கள். ஸ்விட்ச்போர்டைக் கூப்பிட்டு, ஆன்-கால் சாப்ளன் வேண்டும் என்று கேளுங்கள். கிறிஸ்தவராக இருக்க வேண்டியதில்லை. நோயாளியாக இருக்க வேண்டியதில்லை. காரணம் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் மதத்துக்காரர் வேண்டுமென்றால் அதையும் கேட்கலாம், எல்லா இடத்திலும் உடனே கிடைக்காது, ஆனால் தேடித் தருவார்கள். பாதி ராத்திரி ஆயிற்றே என்று தயங்காதீர்கள்.