அந்தப் பாட்டுக்கு நான் வரவில்லை

எங்கள் பள்ளித் தோழிகளின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வாரமாகச் சண்டை. காரணம் நான்தான். டிசம்பரில் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் சந்திப்பு, வாழை இலைச் சாப்பாடு, அப்புறம் கரோக்கே. பள்ளியில் சேர்ந்து பாடிய பழைய கொயர் கோஷ்டி மறுபடி சேர்ந்து 'ஐ பிலீவ் ஐ கேன் ஃப்ளை' பாடுவதென்று முடிவாகி, யார் எந்தக் குரல் என்பதுவரை பேசியாகிவிட்டது. நான் மட்டும் வரமாட்டேன் என்றேன். "இவ எப்பவும் இப்படித்தான்" என்றாள் ஒருத்தி. இன்னொருத்தி கண்ணை உருட்டும் பொம்மையை மட்டும் போட்டாள், அதுதான் ரொம்ப வலித்தது.

அங்கே சொல்லி முடிக்க முடியாததை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன், அந்தப் பாட்டு எனக்கு உயிர். 1998, நான் படிவம் 3, வயது 15. காமன்வெல்த் விளையாட்டுக்காகக் கோலாலம்பூரே பூசி மெழுகிக்கொண்டிருந்த வருஷம். செந்தூல் பசார் மாலாமில், அதாவது இரவுச் சந்தையில், வாங்கிய திருட்டுக் கேசட்டை நிறுத்தி நிறுத்திக் கேட்டு வரிகளை எழுதிக்கொண்டோம், பாதி தப்பு. பரிசளிப்பு விழாவில் டேவான் (பள்ளி மண்டபம்) மேடையில் பாடி முடித்தபோது, எப்போதும் கடுகடுவென்று இருக்கும் பெங்கெத்துவா (தலைமையாசிரியர்) கண்ணைத் துடைத்துக்கொண்டார். அம்மா தொழிற்சாலைச் சீருடையோடு நேராக வந்து பின்வரிசையில் நின்றிருந்தார். ஆங்கிலம் அவருக்குப் புரியாது, ஆனாலும் பஸ்ஸில் வீடு வரும்வரை அதே மெட்டை முணுமுணுத்துக்கொண்டே வந்தார். அம்மா இப்போது இல்லை. ஆகவே இதை விடுவது எனக்கு லேசான காரியம் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

அந்தப் பாட்டை எழுதிப் பாடிய அமெரிக்கப் பாடகன் ஆர். கெல்லி பற்றி 2019இல் வந்த ஆவணத் தொடரைப் பாதி பார்த்துவிட்டு நிறுத்தினேன். 2021இல் நியூயார்க்கில் அவன் குற்றவாளி என்று தீர்ப்பு. 2022இல் 30 ஆண்டுச் சிறை. மறு ஆண்டு சிகாகோ வழக்கில் 20 ஆண்டு. எல்லாம் பெண்களுக்கும் சிறுமிகளுக்கும் செய்த பாலியல் கொடுமைகளுக்காக. அப்போதும், புகழ் வந்த பிறகு கெட்டுப்போன ஆள், பாட்டு வந்த காலத்தில் நல்லவனாகத்தான் இருந்திருப்பான் என்று எனக்கு நானே ஒரு கதை கட்டி, பாட்டை மட்டும் போனில் வைத்திருந்தேன்.

தேதிகளை வரிசையாக வைத்துப் பார்த்த அன்றுதான் அந்தக் கதை உடைந்தது. 1994இல் ஆலியா என்ற பாடகியைக் கல்யாணம் செய்கிறான். அவளுக்கு 15, அவனுக்கு 27, சான்றிதழில் அவள் வயது 18. பாட்டு வெளிவந்தது 1996 கடைசியில். அதே 1996இல் சிகாகோவில் ஒரு பெண் அவன்மேல் வழக்குப் போடுகிறாள். அவன் முன்பு படித்த பள்ளிக்குத் திரும்பி வந்தபோது கொயர் வகுப்பில் இருந்த தன்னைப் பார்த்தான், அப்போது தனக்கு 15 வயது என்கிறாள். 1998இல் பணம் கொடுத்து வழக்கை முடிக்கிறார்கள். அந்த வருஷம்தான் இந்தப் பாட்டுக்கு 3 கிராமி விருது. அந்த வருஷம்தான் நாங்கள் பள்ளி கொயரில் இதைப் பாடிக்கொண்டிருந்தோம்.

கொயர் வகுப்பு, 15 வயது. அதைப் படித்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தேன்.

'கலை வேறு, கலைஞன் வேறு' என்று குழுவில் 4 பேர் பாடம் எடுத்தார்கள். குடிகாரன் எழுதியதையும் கடன்காரன் எழுதியதையும் நானும் தாராளமாகப் பாடுவேன். ஆனால் இங்கே பாட்டுதானே தூண்டில்? பாடகியாக ஆசைப்பட்ட பிள்ளைகள் அந்த ஆசையால்தான் அவன் கிட்டே போனார்கள். இதில் கலையை எங்கே வெட்டி எடுத்துத் தனியாக வைப்பது? நமக்குத் தெரியாது, சரி. அங்கே, அமெரிக்காவில், அவன்மேல் உள்ள குற்றச்சாட்டுகள் 2000இல் பத்திரிகையிலேயே வந்துவிட்டன. அதற்கப்புறமும் மேடையில் ஏற்றிக்கொண்டுதான் இருந்தார்கள்.

'நீ பாடினால் அவனுக்குக் காசு போகிறதா' என்பது நல்ல கேள்விதான். 2023இல் அவன் பாட்டுகளில் வரும் பணத்திலிருந்து 5 லட்சம் டாலருக்கு மேல் எடுத்துப் பாதிக்கப்பட்டவர்களின் இழப்பீட்டுக்கும் அபராதத்துக்கும் கட்டச் சொல்லி நீதிமன்றம் உத்தரவிட்டது. அதனால் காசு என் காரணம் இல்லை. அந்த மெட்டு வரும்போது இப்போது எனக்கு அம்மா நினைவு வருவதற்கு முன்னால் அந்தப் பிள்ளைதான் வருகிறாள், அவ்வளவுதான்.

நான் ஒன்றும் சுத்தமில்லை. 1996இல் மெர்டேக்கா அரங்கத்துக்கு மைக்கேல் ஜாக்சனைப் பார்க்கப் போன என் அண்ணன், இன்னும் காரில் ஜாக்சனின் 'யூ ஆர் நாட் அலோன்' போட்டுக்கொண்டுதான் போகிறார். அதை எழுதியதும் இதே கெல்லிதான். நான் அண்ணனிடம் சொல்லவில்லை. ஏன் என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

நேற்று இரவு, ஆல்ட்டோ வரிசையில் என் பக்கத்தில் நின்றவள் தனியாகக் கூப்பிட்டாள். "சரிடி, வேற என்ன பாடலாம், நீயே சொல்லு" என்றாள். நம் பள்ளிப் பாட்டையே பாடலாம் என்றேன். பாடிப் பார்த்தோம். முதல் நாலு வரிக்கு மேல் ரெண்டு பேருக்குமே வரவில்லை.