மனோபாலா எங்கே இறங்கினார்?

போன வாரம் கானாடுகாத்தானில் பங்காளி வீட்டுச் சாந்தி, அதாவது வயது நிறைந்ததற்குச் செய்யும் கல்யாணம். பந்தி முடிந்து, முகப்புத் திண்ணையில் வெற்றிலைத் தட்டைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தோம். பேரன் கைபேசியில் பழைய நகைச்சுவைக் காட்சி ஒன்றை ஓடவிட்டான். மனோபாலா யாரிடமோ அடி வாங்கிக்கொண்டிருந்தார்.

"இவர் டைரக்டராமே, உண்மையா ஐயா?" என்று கேட்டான்.

நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்தில் இருந்தவர் முந்திக்கொண்டார். "ரஜினியை வைத்தே படம் எடுத்தவர் தம்பி. பாவம், பிழைப்புக்காகக் காமெடிக்கு இறங்கிவிட்டார்."

அந்தப் 'பாவ'மும் பிடிக்கவில்லை, அந்த 'இறங்கிவிட்டா'ரும் பிடிக்கவில்லை. சாந்தி வீட்டில் சச்சரவு எதற்கு என்று வாயில் இருந்த வெற்றிலையை மென்றுகொண்டு வந்துவிட்டேன். இங்கே எழுதித் தீர்த்துக்கொள்கிறேன்.

மனோபாலாவின் முகம் தெரிவதற்கு முன்பே அவருடைய பெயர் எனக்குப் பழக்கம். 1986-இல் காரைக்குடியில் வீடியோ கேசட் கடை போட்டேன். காதுகுத்தோ கல்யாணமோ, டிவி, டெக் என்கிற வீடியோ பிளேயர், மூன்று கேசட் சேர்த்து ஒரு ராத்திரிக்கு வாடகை. முதல் இரண்டு கேசட் எம்ஜிஆர், சிவாஜி, ரஜினி, கமல் என்று பெரியவர்களே முடிவு செய்துவிடுவார்கள். மூன்றாவது, நடுராத்திரிக்கு மேல் ஓடுவது. அதற்குப் பாதிப் பேர் கேட்டது 'பிள்ளை நிலா'. 1985-இல் மனோபாலா எடுத்த பேய்ப்படம். பேபி ஷாலினியின் மேல் ஆவி ஏறிவிடும். அந்தக் கேசட் எப்போது திரும்பி வந்தாலும் குறிப்பிட்ட இரண்டு மூன்று இடங்களில் கோடு விழுந்திருக்கும். முதல் தடவை கண்ணை மூடிக்கொண்டவர்கள், கூட இருப்பவர்கள் அலறியதைக் கேட்டு, திருப்பிச் சுற்றிப் போடச் சொல்லிப் பார்த்த இடங்கள் அவை. பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு டெக்கின் ஹெட்டைத் துடைத்தே என் விரல் வெளுத்துப்போனது. எந்த விமர்சகரும் வேண்டாம், கோடு விழுந்த இடத்தை வைத்தே இயக்குநர் எங்கே கைவேலை காட்டியிருக்கிறார் என்று நான் சொல்லிவிடுவேன்.

மனோபாலா, கமல்ஹாசன் சொல்லி பாரதிராஜாவிடம் சேர்ந்தவர். 1979-இல் வந்த 'புதிய வார்ப்புகள்' படத்தில் உதவி இயக்குநர். முதலில் இயக்கிய 'ஆகாய கங்கை' (1982) ஓடவில்லை. மூன்று வருடம் கழித்து 'பிள்ளை நிலா' தூக்கிவிட்டது. 1987-இல் சத்யா மூவீஸுக்காக ரஜினியை வைத்து 'ஊர்க்காவலன்', அதே வருடம் விஜயகாந்தை வைத்து 'சிறைப்பறவை'. 1989-இல் 'என் புருஷன்தான் எனக்கு மட்டும்தான்'. அந்தக் கேசட்டுக்குப் பெண்கள் ஒரு வாரம் முன்னாலேயே சொல்லிவைப்பார்கள். அதையே ஜிதேந்திரா, ரேகாவை வைத்து இந்தியிலும் எடுத்தார். பிறகு சத்யராஜின் 'மல்லு வேட்டி மைனர்'. அதை இன்றைக்கு என் மகளோடு உட்கார்ந்து பார்க்க எனக்கே கூச்சமாக இருக்கும். எல்லாவற்றையும் தலையில் தூக்கிவைத்து ஆட நான் வரவில்லை. இயக்குநர் மகேந்திரன் பக்கத்தில் நாற்காலி போடச் சொல்லவும் இல்லை. சொன்ன தேதிக்குச் சொன்ன படத்தை முடித்துக் கொடுக்கத் தெரிந்த தொழில்காரர். அப்படிப்பட்டவர்களை நம்பித்தான் சினிமாவும் ஓடியது, என் கடையும் ஓடியது.

தொண்ணூறுகளில் கேபிள் வந்தது. என் கடை படுத்துவிட்டது. கேசட்டுகளை எடைக்குப் போட்டுவிட்டு ஜெராக்ஸ் மெஷின் வாங்கினேன். ஏறக்குறைய அதே காலத்தில் மனோபாலாவுக்கும் இயக்கும் வாய்ப்பு குறைந்தது. 1998-இல் 'நட்புக்காக' படத்தில் கே.எஸ். ரவிக்குமார் அவரை நடிக்க வைத்தார். அதற்குப் பிறகு பெரும்பாலும் நடிப்புதான் தொழில். நான் ஜெராக்ஸ் போட்டதை யாரும் இறங்கியது என்று சொல்லவில்லை. 'ஆள் பிழைத்துக்கொண்டான்' என்றார்கள். அவருக்கு மட்டும் ஏன் 'பாவம்'?

எங்கள் ஐயா, என் தாத்தா, பர்மாவில் மௌல்மீனில் செட்டியார்கள் வட்டித் தொழில் நடத்திய கிட்டங்கியில் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, அடுத்தாளாகி, மேலாள் வரைக்கும் போனவர். 1942-இல் ஜப்பான்காரன் வந்ததும் உடுத்திய வேட்டியோடு ஊருக்கு வந்து சேர்ந்தார். வந்த மறு வருடமே காரைக்குடியில் ஒருவர் ஜவுளிக்கடையில் கணக்கு எழுத உட்கார்ந்துவிட்டார். கூட்டலை மேலிருந்து கீழே ஒரு தரம் போட்டு, பிறகு கீழிருந்து மேலே ஒரு தரம் போடுவார். இரண்டும் ஒத்துவந்தால்தான் பேனாவை மூடுவார். முதலாளியின் மகன், இவர் வயதில் பாதி, ஒரு நாள் கடைப் பையன்கள் முன்னால் சத்தம் போட்டானாம். ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு அடுத்த வரியை எழுதினாராம். அப்பச்சி, என் அப்பா, இதைச் சொல்லும்போதெல்லாம் குரல் தழுதழுக்கும். எனக்கு என்னவோ அந்த இடத்தில் ஐயா கெட்டிக்காரராகவே தெரிகிறார். கிட்டங்கி போனது, கணக்கு போகவில்லை. (கிராமபோன் தட்டு விற்ற ஏவி. மெய்யப்பன், நாற்பதுகளில் தேவகோட்டை ரஸ்தாவில் ஸ்டுடியோக் கொட்டகை போட்டு, 1947-இல் 'நாம் இருவர்' கொண்டுவந்த ஊர்ப்பக்கம் இது. தொழில் மாற்றிக்கொள்வதைப் பார்த்து 'பாவம்' சொல்வதற்கு எங்கள் ஆட்களுக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?)

மனோபாலாவின் நடிப்பிலும் அந்தப் பழைய கணக்கு தெரியும். எங்கள் ஆத்தாவுக்கு மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆதித்யா தொலைக்காட்சி ஓட வேண்டும். நானும் கூட உட்கார்ந்து வருடக்கணக்காகப் பார்த்ததில் ஒன்று புரிந்தது. கொடியில் காயப்போட்ட சட்டை மாதிரி ஒரு உடம்பு, அதற்குள் இருந்து கீச்சென்று ஒரு குரல். இவை இரண்டை மட்டும் வைத்துக்கொண்டே காலம் தள்ளியிருக்கலாம். அவர் செய்தது வேறு. எதிரில் நிற்கிறவருடைய வசனம் முடியும் வரைக்கும் முகத்தைச் சும்மா வைத்திருப்பார். அது முடிந்த பிறகுதான் கண் ஒரு சுற்றுச் சுற்றும், அப்புறம் அடி விழும், உடனே நகர்ந்துவிடுவார். மற்ற பலர் அடி வாங்கிய பிறகும் இன்னும் ஒரு சிரிப்பைப் பிடுங்கப் பார்த்துக் காட்சியை இழுப்பார்கள். காட்சியை எங்கே வெட்ட வேண்டும் என்று தெரிந்த ஆள், தன்னையும் அங்கேயே வெட்டிக்கொள்கிறார். நான் இத்தனை வார்த்தையில் சொல்வதை ஆத்தா ஒரே வரியில் சொன்னார்: "இந்தப் பையன் வந்தால் இடத்தை அடைக்க மாட்டான்." பையனுக்கு அப்போது அறுபது வயது.

இந்த நகைச்சுவைச் சேனல்களால் ஒரு அநியாயமும் நடக்கிறது. படத்தின் தலையும் இல்லாமல் வாலும் இல்லாமல் ஐந்தாறு நிமிடத் துண்டுகளாக நறுக்கிப் போடுகிறார்கள். என்ன படம், யார் இயக்கம், ஒன்றும் தெரியாது. முகம் மட்டும் மிஞ்சும். பேரனிடம் இதற்காகக் கோபித்துக்கொள்ள முடியாது. மனோபாலாவும் இதற்கெல்லாம் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. தொலைக்காட்சித் தொடர்களில் நடித்தார், 'குக்கு வித் கோமாளி'யில் கரண்டி பிடித்தார், யூடியூப் வந்ததும் 'வேஸ்ட் பேப்பர்' என்று சேனல் தொடங்கித் திரைத்துறைக்காரர்களைப் பேச வைத்தார். சேனலுக்கு அந்தப் பெயரைத் தானே வைத்துக்கொண்ட மனிதருக்கு நாம் பாவம் பார்க்கிறோம்!

இதெல்லாம் போகட்டும். 2014-இல் அவர் தயாரித்த 'சதுரங்க வேட்டை'யை என்ன சொல்வீர்கள்? வயது அறுபது. கையில் இருப்பதை வங்கியில் போட்டுவிட்டு உட்காரலாம். ஒரு படமும் இயக்கியிராத எச். வினோத்தை நம்பி, பெரிய நட்சத்திரம் யாரும் இல்லாமல், ஒளிப்பதிவாளர் நட்டியைக் கதாநாயகனாகப் போட்டுப் படம் எடுத்தார். வினோத் பிறகு 'தீரன் அதிகாரம் ஒன்று', 'நேர்கொண்ட பார்வை' என்று எங்கேயோ போய்விட்டார். ஆள் பார்த்துப் பணம் போடுவது என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். கடல் கடந்து கொண்டுவிற்கப் போன தலைமுறை, கடன் கேட்டு வருகிறவனின் செருப்பைப் பார்த்தே கணக்குப் போடுமாம். மனோபாலா எதைப் பார்த்துப் போட்டாரோ. அந்தப் படத்தில் மண்ணுளிப் பாம்பை நம்பிப் பணத்தைப் பறிகொடுப்பவர் ஒரு செட்டியார். நான் பார்த்த காட்சியில் எங்கள் ஆட்கள்தான் அதிகமாகச் சிரித்தார்கள். சிரிப்பில் கொஞ்சம் அனுபவமும் கலந்திருக்கலாம்.

2023 மே 3 அன்று மனோபாலா காலமானார். 69 வயது. ஈரல் கோளாறு என்றார்கள். அன்று முழுக்கத் திரையில் மேலே அவர் அடி வாங்கிக்கொண்டிருக்க, கீழே கண்ணீர் அஞ்சலி ஓடியது. ஆத்தாவுக்கு எழுத்து சரியாகத் தெரியாது, வழக்கம்போலச் சிரித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். சிரிப்பு நின்றது. "நல்ல பையன்" என்றார். "ஆத்தா, இவர் படமும் எடுத்தவர், 'பிள்ளை நிலா' இவருடையதுதான்" என்றேன்.

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. 1986-இல், என் கடை திறந்த புதிதில், வீட்டுப் பட்டாலைக் கூடத்தில் பாய் விரித்து வளவுச் சொந்தங்கள் எல்லாம் கூடிப் பார்த்த படம் அது. அன்றைக்கு ஆத்தா தண்ணீர் குடிக்கக்கூட வீட்டின் பின்பக்கம் இருக்கிற இரண்டாங்கட்டுக்குத் தனியாகப் போகவில்லை.

"அதை எடுத்தவனா இவன்?" என்றார். அன்று ராத்திரி இரண்டாங்கட்டு விளக்கை அணைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுத்தான் படுத்தார்.