300 எஸ்எல் காரின் கதவுகள் அலங்காரத்துக்கு அல்ல

"மெர்சிடிஸ் 300 எஸ்எல், 1952 பந்தயக் காரின் வலுக்குறைந்த நகல், மேலே திறக்கும் கதவுகள் வெறும் அலங்காரம்" என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டுமே தவறு.

1952இல் பிரான்சின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை வென்ற காரில் இருந்தவை கார்புரேட்டர்கள், அதாவது எரிபொருளைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கருவிகள். சுமார் 170 குதிரைத்திறன். 1954 பிப்ரவரியில் நியூயார்க்கில் காட்டப்பட்ட சாலைக் காரிலோ எரிபொருளை நேராக சிலிண்டருக்குள் பீய்ச்சும் பாஷ் நிறுவன அமைப்பு, 215 குதிரைத்திறன். தகப்பனைவிடப் பிள்ளைக்குத்தான் வலு அதிகம்!

கதவுக்கு வருவோம். அந்தச் சாலைக் காரின் எலும்புக்கூடு, மெல்லிய எஃகுக் குழாய்களை முக்கோணம் முக்கோணமாகப் பற்றவைத்த சட்டகம். உறுதிக்காக அது பக்கவாட்டில் உயரமாக எழும்பி நிற்கிறது. வழக்கமான கதவு வைக்க அங்கே இடமில்லை. அதனால்தான் கீல்கள் கூரைக்குப் போயின. ஓட்டுநர் ஸ்டீயரிங் சக்கரத்தைக் கீழே மடக்கி, அகலமான விளிம்பில் உட்கார்ந்து, கால்களைத் தூக்கி உள்ளே போட வேண்டும். அழகுக்காக மட்டும் எந்தப் பொறியாளரும் இதைச் செய்யமாட்டார். 1957இல் இதே காரின் ரோட்ஸ்டர், அதாவது திறந்த கூரை வடிவம், வந்தபோது சட்டகத்தின் பக்கங்களைத் தாழ்த்தினார்கள். உடனே சாதாரணக் கதவுகளும் வந்துவிட்டன.