"ஏதாவது வேணும்னா சொல்லு" போதாது

மூளைக்காயம் பட்ட கணவரைப் பார்த்துக்கொள்ளும் மனைவிக்கு நண்பர்கள் துணை நிற்க வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறோம். சரி, எப்படி? "எதுனாலும் கூப்பிடு" என்றால் அவர் கூப்பிட மாட்டார். செவ்வாய்க்கிழமை பிசியோதெரபிக்கு ஆட்டோவில் கூடப்போக ஒருவர், கரண்ட் பில் கட்ட ஒருவர், வாரத்தில் 2 இரவு கண்விழிக்க ஒருவர் என்று பெயர் போட்டு வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள்.

கணவரைப் பார்க்கப் போகும்போது இரண்டு பேருக்கு மேல் வேண்டாம். 15 நிமிடம் போதும், டிவியை அணைத்துவிடுங்கள். பல குரல்களைப் பிரித்துக் கேட்க அந்த மூளை திணறும். களைப்பு கோபமாக வெடிக்கும். அதைப் பார்த்து "ஆளே மாறிட்டார்" என்று வெளியே போய்ப் பேசாதீர்கள்.

பெரிய தப்பு, அன்பாகக் கொண்டுபோகும் இளநீரும் காபியும்தான். விழுங்குவதில் சிரமம் இருந்தால் நீர்த்த பானம் மூச்சுக்குழாய்க்குள் இறங்கி நிமோனியா வரலாம். பேச்சு, விழுங்கல் பயிற்சி தரும் தெரபிஸ்ட் சொன்ன கெட்டிப் பதத்தில், நிமிர்ந்து உட்காரவைத்து, சிறு கரண்டியால் கொடுக்க வேண்டும். சாப்பிட்டபின் 30 நிமிடம் படுக்கவிடக் கூடாது. பலமிழந்த கையைப் பிடித்து இழுத்து எழுப்பினால் தோள்மூட்டு நழுவலாம்.

வலிப்பு வந்தால் சாவிக்கொத்து வேண்டாம் (இன்னும் கொடுக்கிறார்கள்!). வாயில் எதையும் திணிக்காமல் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். 5 நிமிடம் தாண்டினால் 108.