ராக்கெட் தனியாருடையது, பொறுப்பு யாருடையது?

விண்வெளித் துறையைத் தனியாருக்குத் திறந்துவிட்டது சரியா என்று கேட்டால், சரி என்பதே என் பதில். இஸ்ரோ ராக்கெட்டுகளில் பயன்படும் விகாஸ் இன்ஜினின் பாகங்களை கோத்ரெஜ் போன்ற நிறுவனங்கள் பல்லாண்டுகளாகச் செய்து கொடுத்து வருகின்றன. ஆனால் இஸ்ரோ தரும் வரைபடத்தின்படி உதிரிபாகம் செய்வது வேறு, ராக்கெட்டையே தன் பெயரில் செய்து ஏவுவது வேறு. விண்வெளித் துறையில் தனியாரை அனுமதிப்பதாக மத்திய அரசு 2020 ஜூனில் அறிவித்த பிறகு இரண்டாவதும் நடக்கத் தொடங்கிவிட்டது. 2022 நவம்பரில் ஹைதராபாத்தின் ஸ்கைரூட் தன் விக்ரம்-எஸ் ராக்கெட்டை ஏவியது. 2024 மே மாதம் சென்னையின் அக்னிகுல், முப்பரிமாண அச்சில் ஒரே துண்டாக வார்த்த இன்ஜினைப் பறக்கவிட்டுக் காட்டியது. சிறு செயற்கைக்கோள்களை ஏவும் இஸ்ரோவின் எஸ்.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் தொழில்நுட்பத்தை, பொதுத்துறை விமானத் தயாரிப்பு நிறுவனமான எச்.ஏ.எல். 511 கோடி ரூபாய்க்கு ஏலத்தில் எடுத்திருக்கிறது. இவை எல்லாமே மனதார வரவேற்க வேண்டியவை.

என் கவலை, ஏவியது தவறிப் போனால் என்ன என்பதைப் பற்றியது. 1967ஆம் ஆண்டின் விண்வெளி ஒப்பந்தப்படி, தனியார் செய்யும் விண்வெளிப் பணிக்கும் அந்த நாட்டின் அரசே உலகுக்குப் பதில் சொல்ல வேண்டும். 1972இன் பொறுப்பு உடன்படிக்கையோ, தரையில் ஏற்படும் சேதத்திற்கு, யார் மீது தவறு என்று பார்க்காமலேயே ஏவிய நாடு இழப்பீடு தர வேண்டும் என்கிறது. 1978இல் சோவியத் யூனியனின் காஸ்மாஸ் 954 செயற்கைக்கோள், உள்ளே அணு உலையுடன் கனடாவின் வடபகுதியில் சிதறி விழுந்தபோது, கனடா 60 லட்சம் கனடிய டாலர் கேட்டு, 1981இல் அதில் பாதியைப் பெற்றது. நாளை ஓர் இந்திய நிறுவனத்தின் ராக்கெட் இன்னொரு நாட்டில் விழுந்தால், கணக்கு முதலில் டெல்லிக்குத்தான் வரும். அந்தத் தொகையில் எவ்வளவை அந்த நிறுவனத்திடமிருந்து வசூலிக்கலாம் என்று சொல்ல நம்மிடம் சட்டம் இல்லை.

இதைவிட என்னை உறுத்துவது வேறொன்று. அந்த உடன்படிக்கை, ஏவிய நாட்டின் சொந்தக் குடிமக்களுக்குப் பொருந்தாது. தூத்துக்குடி மாவட்டம் குலசேகரன்பட்டினத்தில் நாட்டின் இரண்டாவது ஏவுதளத்திற்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து துருவப் பாதைக்கு, அதாவது பூமியின் துருவங்களுக்கு மேலாகச் சுற்றும் பாதைக்குச் செல்லும் ராக்கெட் இலங்கையைத் தவிர்க்க வளைந்து போய் எரிபொருளை இழக்கிறது. குலசையிலிருந்து நேராகத் தெற்கே போகலாம். சிறிய ராக்கெட்டுகளுக்கு அந்த மிச்சம் மிகப் பெரியது என்பதால், இடத் தேர்வில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் தெற்கே இருப்பது நம் மீனவர்களின் கடல். ஏவும் நாளில் தொழிலுக்குப் போகாதீர்கள் என்று அறிவிப்பு வரும். கரையில் நிற்கும் படகுக்கு அன்று வருமானம் கிடையாது. எரிந்து முடிந்து கழன்று விழும் ராக்கெட் அடுக்கின் துண்டு வலையைக் கிழித்தால், படகை உடைத்தால், அந்த மீனவர் எந்த அலுவலகத்தில், எந்தச் சட்டப் பிரிவின் கீழ் மனு கொடுப்பார்? ராக்கெட் ஏவ அனுமதி தரும்போது, நிபந்தனையாக நிறுவனத்திடம் காப்பீடு கேட்கலாம்தான். ஆனால் அது அனுமதி தருபவருக்கும் பெறுபவருக்கும் இடையிலான ஏற்பாடு. அதில் மீனவருக்கு உரிமை எதுவும் எழுதப்படவில்லை.

விண்வெளிச் செயல்பாடுகள் மசோதாவின் வரைவு 2017இலேயே பொதுமக்கள் கருத்துக்கு வெளியிடப்பட்டது. 2023இல் கொள்கை வந்தது, 2024இல் அந்நிய முதலீட்டு விதிகள் தளர்ந்தன, சட்டம் மட்டும் வரவில்லை. தனியாருக்கு ஏவும் அனுமதி வழங்கும் இன்-ஸ்பேஸ் அமைப்பும் நாடாளுமன்றச் சட்டத்தால் உருவானதல்ல. மத்திய அரசின் விண்வெளித் துறையின் கீழ் இயங்கும் அது, தொழிலை வளர்க்கும் வேலையையும் கண்காணிக்கும் வேலையையும் சேர்த்தே சுமக்கிறது.

சட்டம் வந்தால் சிறு நிறுவனங்கள் நசுங்கிவிடும் என்ற வாதத்தை நான் ஏற்கவில்லை. அமெரிக்கா 1988லேயே, ஏவும் நிறுவனம் ஒரு வரம்பு வரை காப்பீடு எடுக்க வேண்டும், அதற்கு மேற்பட்டதை ஓர் எல்லை வரை அரசு ஏற்கும் என்று விதி செய்தது. ஜப்பான் 2016இல் தனக்கென ஒரு விண்வெளிச் சட்டம் இயற்றியது. பொறுப்பின் உச்சவரம்பு முன்கூட்டியே தெரிந்தால், முதலீடு தேடும் புதிய நிறுவனத்துக்குத்தான் அது முதலில் உதவும். குலசையிலிருந்து முதல் தனியார் ராக்கெட் கிளம்புவதற்கு முன், அந்த வரம்பும், மீனவர் நேரடியாக இழப்பீடு கோரும் உரிமையும் அடங்கிய மசோதா நாடாளுமன்றத்துக்கு வர வேண்டும்.