பார்பரா ஜோர்டனின் தொடக்கம் 1974 அல்ல

அமெரிக்க அதிபர் நிக்சன் மீதான பதவிநீக்க விசாரணையில் 1974-ஆம் ஆண்டு ஆற்றிய ஓர் உரைதான் டெக்சாஸின் கறுப்பின அரசியல்வாதி பார்பரா ஜோர்டனை அரசியலுக்குக் கொண்டுவந்தது என்று சொல்லப்படுவது சரியல்ல. பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் 1959-இல் சட்டம் முடித்த அவர், ஹூஸ்டனில் பெற்றோர் வீட்டுச் சாப்பாட்டு மேசையையே அலுவலகமாக்கிக்கொண்டு வழக்கறிஞர் தொழிலைத் தொடங்கினார். டெக்சாஸ் பிரதிநிதிகள் அவைக்கு 1962-இலும் 1964-இலும் போட்டியிட்டுத் தோற்றார். தொகுதிகள் மக்கள்தொகைக்கு ஏற்ப மறுவரையறை செய்யப்பட்ட பின்னர், 1966-இல் மாநில செனட்டுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு, 1883-க்குப் பிறகு அந்த அவையில் அமர்ந்த முதல் கறுப்பினத்தவராகவும், அங்கு நுழைந்த முதல் கறுப்பினப் பெண்ணாகவும் ஆனார். (அந்த இரண்டு தோல்விகளையும் விட்டுவிட்டு அவருடைய வாழ்க்கையைச் சொல்வது, என் பார்வையில், பாதிக்கதைதான்.) மாநிலத்தின் முதல் குறைந்தபட்ச ஊதியச் சட்டம் நிறைவேற அவர் உழைத்தது அந்த ஆண்டுகளில்தான். சக உறுப்பினர்கள் அவரை அவையின் தற்காலிகத் தலைவராகத் தேர்ந்தெடுத்ததால், 1972 ஜூன் 10 அன்று ஒரு நாள் பொறுப்பு ஆளுநராகவும் இருந்தார். அதே ஆண்டு நவம்பரில்தான் அமெரிக்கக் காங்கிரசுக்கு வென்றார். 1974-இன் அந்த விசாரணை உரையை அவர் ஆற்றியபோது, சட்டமன்ற அனுபவம் மட்டுமே ஏழு ஆண்டுகளைக் கடந்திருந்தது.