இரும்புக்கையை வரைந்த கை

2025 ஜூலையில் சூப்பர்மேன் படமும் ஃபென்டாஸ்டிக் ஃபோர் படமும் இரண்டு வார இடைவெளியில் வந்தன. அப்போது புதுச்சேரி காமிக்ஸ் நண்பர்களுக்குள் தொடங்கிய சண்டை இன்னும் ஓயவில்லை. சூப்பர்மேனை வெளியிடும் டிசியா, ஃபென்டாஸ்டிக் ஃபோரை வெளியிடும் மார்வலா? எந்தப் படம் ஒசத்தி? பேசட்டும், எனக்கும் அந்தப் பேச்சு பிடிக்கும். ஆனால் இவ்வளவு பேச்சிலும் எழுதியவர் பெயரோ வரைந்தவர் பெயரோ ஒரு தடவைகூட வருவதில்லை. ஃபென்டாஸ்டிக் ஃபோர் கதை நடக்கும் உலகத்தின் எண் 828. அந்த நால்வரை எழுத்தாளர் ஸ்டான் லீயோடு சேர்ந்து உருவாக்கிய ஓவியர் ஜாக் கிர்பி பிறந்தது ஆகஸ்ட் 28, அமெரிக்க முறையில் எழுதினால் 8/28. அவருக்கு மரியாதையாக வைத்த எண் அது. நம்மில் எத்தனை பேர் கவனித்தோம்?

அமெரிக்காவை விடுங்கள். நம் இரும்புக்கை மாயாவிக்கு வருவோம். 1972-ல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸின் முதல் இதழாக வந்தவர். கடலூர், புதுச்சேரி பக்கம் இன்று ஐம்பது வயதைத் தாண்டிய காமிக்ஸ் வாசகர் யாரைக் கேட்டாலும் கதையைச் சொல்லிவிடுவார்: ஒரு கை இரும்பு, மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறையும், இரும்புக்கை மட்டும் தெரியும். அதை வரைந்தது யார் என்று கேளுங்கள், பதில் வராது.

வரைந்தவர் பெயர் ஹேசுஸ் பிளாஸ்கோ. பார்சிலோனாக்காரர். 1962-ல் இங்கிலாந்தின் வேலியண்ட் வார இதழில் இந்தத் தொடர் தொடங்கியது. முதலில் எழுதியவர் கென் பல்மர், பிறகு டாம் டல்லி. உங்களிடம் பழைய மாயாவி இதழ் இருந்தால் எடுத்துப் பாருங்கள். ஆளே இல்லாத அறையில் ஒரு கை மட்டும் மிதந்து வருகிறது. அது நமக்குச் சிரிப்பை வரவழைக்காமல் பயத்தைக் கொடுக்கிறதென்றால் காரணம் பிளாஸ்கோவின் நிழல்கள்தான். முகத்தில் பாதி வெளிச்சம், பாதி கறுப்பு. சுவர், மேஜை, கதவு எல்லாம் புகைப்படம் மாதிரி அவ்வளவு நிஜம். சுற்றியுள்ள உலகம் நிஜமாக இருப்பதால்தான் அந்தக் கையையும் நம்புகிறோம். சாதாரணத் தாளில் அடித்த கறுப்பு வெள்ளை அச்சிலும் அது குலையவில்லை. இப்படி வரைந்த மனிதரின் பெயரை வேலியண்ட் போடவே இல்லை. அந்தக் காலத்து ஆங்கில வார இதழ்களில் அதுதான் வழக்கம். ஓவியர் கையெழுத்துப் போட்டால்கூட அழித்துவிடுவார்கள். அங்கேயே இல்லாத பெயர் சிவகாசிக்கு எப்படி வரும்?

ஸ்பைடர் (ஸ்பைடர்மேன் வேறு) கதை இன்னும் கொடுமை. எண்பதுகளில் லயன் காமிக்ஸில் நாம் கொண்டாடிய அதே ஸ்பைடர்தான். கூர்மையான காது, வலைத் துப்பாக்கி, ஹெலிகார் என்ற பறக்கும் வண்டி. டெட் கோவன் தொடங்கி வைத்தார், ரெக் பன் வரைந்தார். ஆனால் அதில் பெரும்பாலான கதைகளை எழுதியவர் ஜெர்ரி சீகல். சூப்பர்மேனை உருவாக்கிய இருவரில் ஒருவர்! சீகலும் ஓவியர் ஜோ ஷஸ்டரும் 1938-ல் சூப்பர்மேனின் மொத்த உரிமையையும் டிசி நிறுவனத்துக்கு 130 டாலருக்கு எழுதிக்கொடுத்தவர்கள். பிறகு உரிமை கேட்டு வழக்குப் போட்டார்கள். வேலையும் போயிற்று, கதைகளில் இருந்த பெயரும் போயிற்று. இடையில் சில வருடம் பெயரே இல்லாமல் அதே நிறுவனத்துக்கு சீகல் எழுதினார். அறுபதுகளின் நடுவில் மறுபடியும் உரிமை கேட்டார், மறுபடியும் கதவு சாத்தப்பட்டது. அப்புறம்தான் இங்கிலாந்தின் லயன் வார இதழுக்கு (நம் லயன் வேறு) ஸ்பைடரை எழுதினார். 1975-ல் பத்திரிகைகளுக்கு அவர் கடிதம் எழுதி, ஓவியர்களும் எழுத்தாளர்களும் கூடக் குரல் கொடுத்த பிறகே சீகலுக்கும் ஷஸ்டருக்கும் ஆளுக்கு வருடம் 20,000 டாலரும், சூப்பர்மேன் மேல் தங்கள் பெயரும் கிடைத்தன.

பேட்மேனை உருவாக்கியவர்களில் ஒருவரான எழுத்தாளர் பில் ஃபிங்கருக்கு அதுகூட இல்லை. அவர் இறந்தது 1974. அதிகாரபூர்வமாகப் பெயர் வந்தது 2015.

இதையெல்லாம் புதுச்சேரியில் உட்கார்ந்து சொல்ல எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. எங்கள் ஊரில் சொல்தா வீடுகள், அதாவது பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்தவர்களின் குடும்பங்கள் உண்டு. பாரீசிலிருந்து விடுமுறைக்கு வரும் பிள்ளைகள் விட்டுப்போகும் பிரெஞ்சு காமிக்ஸ் ஆல்பங்கள் சில நேரம் காந்தி வீதி சண்டே மார்க்கெட் பழைய புத்தகக் குவியலில் கிடைக்கும். அட்டையைப் பாருங்கள். கதை எழுதியவர், படம் வரைந்தவர் இருவர் பெயரும் தெளிவாக இருக்கும். ஆஸ்டெரிக்ஸ் என்றால் கோசினி, உதேர்ஸோ. நாம் 'இரத்தப் படலம்' என்று படித்த தொடர் என்றால் வான் ஹாம், வில்லியம் வான்ஸ். அந்த ஊர் வாசகன் ஓவியர் பெயரைப் பார்த்தே ஆல்பம் வாங்குகிறான். அதனால் அங்கே ஓவியருக்கு மதிப்பு உண்டு, பேரம் பேசும் பலமும் உண்டு. வாசகனுக்குப் பெயர் தெரிந்தால்தான் பதிப்பாளர் அந்தப் பெயரை மறைக்க முடியாமல் போகும்.

நம் விமர்சனப் பதிவுகளைப் பாருங்கள். விலை என்ன, தாள் எப்படி, ஹார்ட் பவுண்டா, மறுபதிப்பா, சந்தாவில் வருமா. இதெல்லாம் தேவைதான், காசு போட்டு வாங்குகிறோம். கூடவே எழுதியவர், வரைந்தவர், தமிழாக்கியவர் என்று ஒரு வரி சேர்த்தால் என்ன? 'ஓவியம் சூப்பர்' என்று எழுதும் இடத்தில் எந்தப் பக்கம், எந்தக் கட்டம், ஏன் என்று எழுதினால் புதிதாகப் படிக்க வரும் பையனுக்கும் பார்க்கக் கற்றுக்கொடுத்த மாதிரி இருக்கும். நெய்வேலி புத்தகக் காட்சியில் காமிக்ஸ் வாங்கப் போகிறவர்கள் ஓவியர் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

வெளிநாட்டு ஓவியர்களுக்காவது இப்போது வழி திறந்திருக்கிறது. பழைய இங்கிலாந்துத் தொடர்களின் உரிமையை வாங்கிய ரெபெல்லியன் நிறுவனம், மாயாவியையும் ஸ்பைடரையும் படைத்தவர்கள் பெயரோடு மறுபதிப்புச் செய்கிறது. நம் ஆட்களுக்கு அதுகூட இல்லை. வாண்டுமாமா எழுத, செல்லம் வரைந்த படக்கதைகளைப் படித்து வளர்ந்தவர்கள் இங்கே நிறையப் பேர். வாண்டுமாமா பெயர் நினைவிருக்கிறது, செல்லத்தைச் சொல்ல ஆள் இல்லை. பழைய படக்கதை இதழ்கள் உங்கள் வீட்டுப் பரணில் இருந்தால், ஓவியர் பெயர் அச்சாகியிருக்கும் பக்கத்தைப் படமெடுத்து கமெண்டில் போடுங்கள். இதழ் பெயர், வருடம் தெரிந்தால் அதையும் எழுதுங்கள். ஒரே ஆல்பமாகத் தொகுத்து இந்தப் பக்கத்திலேயே வைக்கிறேன்.